காலி மைதானம் நிரம்புவது எப்படி?

பதுளைப் பக்கத்து நமுனுகுல மலையில் மார்கழி மழை பிடித்துக்கொண்டால், தேயிலைத் தோட்டத்து லயத்தில் அடுப்பு மூட்டுவதே காலையின் பெரிய வேலை. பனி கூரை வரைக்கும் இறங்கியிருக்கும். வாசலில் கிடந்த விறகு ஈரம் குடித்துக் கனத்துப் போயிருக்கும். ஆனாலும் விடிவதற்குள் ரொட்டி சுட்டு, தேத்தண்ணி ஊற்றி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிவிட்டு, பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போய்ச் சேர்ந்தாக வேண்டும். எதை முதலில் வைப்பது, எதைப் பிறகு வைப்பது, எப்போது ஊதுவது, எப்போது கையை எடுப்பது என்பதெல்லாம் எங்கள் பெண்களுக்கு அத்துப்படி.

அந்த அடுப்பை மனதில் வைத்துக்கொண்டு, தூரத்து நாடு ஒன்றில் நடந்த ஒரு விஷயத்தை உள்ளே போய்ப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டு பெண்கள் கிரிக்கெட் உலகக் கிண்ணம் அவுஸ்திரேலியாவில் நடந்தது. இறுதி ஆட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது வடக்கு சிட்னியில் உள்ள ஒரு சிறிய மைதானம். 11 வருடங்கள் கழித்து, 2020 மார்ச் 8ஆம் திகதி, பெண்கள் தினத்தன்று, அதே நாட்டில் பெண்களுக்கான இருபதுக்கு 20 உலகக் கிண்ண இறுதி ஆட்டம் நடந்தது. இம்முறை இடம் மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானம். உள்ளே வந்தவர்கள் 86,174 பேர். அவுஸ்திரேலியாவும் இந்தியாவும் மோதின. அவுஸ்திரேலியா 85 ஓட்டங்களால் வென்றது. இந்த 11 வருட இடைவெளிக்குள் என்ன நடந்தது என்பதுதான் நம் கேள்வி.

20 ஓவர் ஆட்டம் விறுவிறுப்பானது, அதனால் ஜனம் வந்தது என்று சிலர் சொல்வார்கள். அது ஒரு சிறு பங்கு மட்டுமே. ஏனென்றால் அதே 20 ஓவர் உலகக் கிண்ணம் 2012இல் நம் கொழும்பிலேயே நடந்திருக்கிறது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து லயத்து அம்மாயி ஒருவர் 2025 நவம்பரில் தொலைக்காட்சியில் இந்திய, தென்னாபிரிக்கப் பெண்களின் உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நவி மும்பை மைதானத்தில் அன்று 39,555 பேர்.

“ஏன் புள்ள, பொம்பளப் புள்ளைங்க ஆடுறதப் பாக்கவா இத்தன சனம்? காசு குடுத்துக் கூட்டியாந்தாங்களா?”

“இல்ல அம்மாயி, இவங்கதான் காசு குடுத்துட்டு உள்ள வந்திருக்காங்க.”

அவர் நம்பவில்லை. அவருக்குச் சொல்வதுபோலவே இதை எழுதுகிறேன்.

முதலில் கங்கு. இரவுச் சமையல் முடிந்ததும் அடுப்பில் மிச்சமிருக்கும் கங்கைச் சாம்பலால் மூடி வைப்போம். வெளியே பார்த்தால் அடுப்பு அணைந்துவிட்டது போலத் தெரியும். காலையில் சாம்பலைக் கிளறினால் உள்ளே சிவப்பாக ஒரு துண்டு கிடக்கும். அது இருந்தால் தீப்பெட்டி கூட வேண்டாம். மைதானத்துக்குக் கங்கு எது என்றால், யாரும் பார்க்காத காலத்திலும் ஆடிக்கொண்டே இருந்த பெண்கள்.

அவுஸ்திரேலியாவில் இந்தக் கங்கு நிறையவே இருந்தது. அங்கே பெண் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக வலைப்பந்தாட்டம் ஆடுகிறார்கள். அம்மா ஆடிய கழகத்தில் மகளும் ஆடுவது அங்கே சாதாரணம். அந்த நாட்டுக்கே உரிய முட்டை வடிவப் பந்து ஆட்டத்திலும் அப்படித்தான். விக்டோரியா மாநிலத்தில் பெண்களுக்கான லீக் 1981இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் பெண்களுக்கான தேசிய அளவிலான லீக் வந்தது 2017இல். இடையில் 36 வருடங்கள். அத்தனை காலமும் பெண்கள் ஊர்ப் பூங்காக்களில், வேலை முடிந்து வந்து, சொந்தக் காசில் சப்பாத்து வாங்கி ஆடினார்கள். அந்தச் சாம்பலை யாரும் வாரி வெளியே கொட்டிவிடாதது பெரிய அதிர்ஷ்டம்.

நம் பக்கத்திலும் கங்கு இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2 மீற்றரைத் தாண்டிய உயரம். 2019இல் லிவர்பூலில் நடந்த வலைப்பந்தாட்ட உலகக் கிண்ணத்தில் அவர் போட்ட கோல்கள் 348. அந்தத் தொடரில் அவரைவிட அதிகமாக யாரும் போடவில்லை. மெல்பேர்ணில் உள்ள ஒரு கழகத்துக்காகவும் ஆடியவர் அவர். இலங்கை அணி 2018இலும் 2022இலும் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்றது. இதெல்லாம் கங்கு. ஆனால் கங்கில் சோறு வேகாது. அதன்மேல் எதையாவது வைக்க வேண்டும்.

இரண்டாவது மிலாறு. கவ்வாத்து வெட்டிய மலையில் தேயிலைச் செடியின் வாது குவிந்து கிடக்கும். அதைக் கட்டித் தலையில் சுமந்து வந்து காயவைத்தால் அதுதான் மிலாறு. எங்கள் வீடுகளில் நெருப்புப் பிடிக்க வைப்பது அதைத்தான். மெல்லியது, சீக்கிரம் பற்றும், அதற்குக் காசு இல்லை. மைதானத்தில் இதற்குச் சமமானது இலவச நுழைவு, அல்லது மிக மலிவான டிக்கெட்.

ஏன் அது தேவை? ஒரு குடும்பம் இதுவரை பெண்கள் ஆடும் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை என்று வையுங்கள். நல்லா இருக்குமா இருக்காதா என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாத பொருளுக்கு யாரும் முழுக் காசு கொடுக்க மாட்டார்கள். சந்தையில் கூட ஒரு சுளையைத் தின்று பார்த்துவிட்டுத்தானே தோடம்பழம் வாங்குகிறோம். எனவே முதல் தடவை கதவைத் திறந்து விடுகிறார்கள்.

2017 பெப்ரவரி 3ஆம் திகதி மெல்பேர்ணில் அதுதான் நடந்தது. மேலே சொன்ன முட்டை வடிவப் பந்து ஆட்டத்தில் பெண்களுக்கான புதிய லீக்கின் முதல் ஆட்டம், கார்ல்டன் அணியும் கொலிங்வுட் அணியும். நுழைவு இலவசம். முதலில் ஒரு சின்ன மைதானத்தில் வைக்க நினைத்தார்கள். ஆர்வம் கூடுவதைப் பார்த்து, பெரிய இடமான பிரின்சஸ் பார்க்குக்கு மாற்றினார்கள். அதுவும் போதவில்லை. 24,568 பேர் உள்ளே போனதும் வாசலை மூட வேண்டியதாயிற்று. வெளியே நின்றவர்களிடம் லீக்கின் தலைமை நிர்வாகியே போய் மன்னிப்புக் கேட்டார். 2019இல் அடெலெய்டில் நடந்த அதே லீக்கின் இறுதி ஆட்டத்துக்கு வந்தவர்கள் 53,034 பேர். அதற்கும் நுழைவு இலவசம்.

ஆனால் மிலாறு எப்படி எரியும் என்பது உங்களுக்குத் தெரியும். படபடவென்று பற்றும், சுவர் வரை வெளிச்சம் அடிக்கும், இரண்டு நிமிஷத்தில் சாம்பலாகிவிடும். இலவச டிக்கெட்டுக்கும் அந்தக் குணம் உண்டு. இலவசமாக எடுத்து வைத்தவர்களில் பலர் அன்று மழை தூறினால் வர மாட்டார்கள். கையை விட்டுப் போனது ஒன்றும் இல்லையே. இலவசமாகவே ஓடிக்கொண்டிருந்தால், இதன் பெறுமதி அவ்வளவுதான் என்று ஜனமும் நினைக்கத் தொடங்கும், காசு போடுகிற கம்பனிகளும் நினைக்கத் தொடங்கும். எனவே நெருப்புப் பிடித்ததும் அடுத்த விறகுக்குப் போக வேண்டும். 2020 உலகக் கிண்ணத்தில் சிறுவர்களுக்கு 5 டாலரிலிருந்து டிக்கெட் கொடுத்தார்கள். 2025 உலகக் கிண்ணத்தில் இந்தியாவில் 100 ரூபாயிலிருந்து. சிறிய காசுதான். ஆனால் அந்தச் சிறிய காசைக் கொடுத்தவர் மழைக்குக் குடையோடு வருவார்.

மூன்றாவது அடுப்பின் அளவு. எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் அதிகம் பேர் பிழைவிடுவது இங்கேதான். கோயில் திருவிழாவுக்குக் கிடாரம் வைக்கிற பெரிய அடுப்பில், ஒரு குடும்பத்துக்கான விறகை வைத்துப் பாருங்கள். நெருப்பு எரியும், ஆனால் சூடு நாலாபக்கமும் ஓடிவிடும், பானை கொதிக்காது. அதே விறகை வீட்டு அடுப்பில் வைத்தால் கொதிக்கும். விறகின் அளவு மாறவில்லை, அடுப்புதான் மாறியது.

50,000 பேர் உட்காரும் இடத்தில் 3,000 பேர் இருந்தால் அது காலி மைதானம். கைதட்டினால் சத்தம் கூரைக்கே போகாது. தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு வெறும் நாற்காலிகள் தெரியும்; ‘யாருமே போகவில்லையே, நாம் ஏன் பார்க்க வேண்டும்’ என்று அவர் சேனலை மாற்றுவார். அதே 3,000 பேர் 4,000 பேருக்கான மைதானத்தில் இருந்தால் திருவிழா. பக்கத்தில் ஆள் இருக்கிறார், முன்னால் ஆள் இருக்கிறார், சத்தம் காதை அடைக்கிறது. வந்தவர் வீட்டுக்குப் போய் ‘இடம் கிடைக்கவில்லை’ என்று சொல்வார். ‘இடம் கிடைக்கவில்லை’ என்ற பேச்சைவிடப் பெரிய விளம்பரம் வேறு கிடையாது.

இதனால்தான் அவுஸ்திரேலியாவின் பெண்கள் கிரிக்கெட் லீக் பெரிய மைதானங்களை விட்டுவிட்டு, மரநிழலும் புல்மேடும் உள்ள புறநகர் மைதானங்களுக்குப் போனது. 2020 உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தையும் நடுத்தர அளவிலான ஒரு சிட்னி மைதானத்தில் வைத்தார்கள். வந்தவர்கள் 13,432 பேர். அதிலிருந்து இரண்டு வாரத்துக்குப் பிறகுதான் மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானத்துக்குப் போனார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. விறகு கூடியிருக்கும்போது சின்ன அடுப்பில் திணித்தால் புகைதான் மிஞ்சும். 2023இல் பெண்கள் உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்தபோது, அவுஸ்திரேலியாவின் முதல் ஆட்டம் 40,000 பேரளவு கொள்ளும் சிட்னி மைதானம் ஒன்றுக்குத்தான் குறிக்கப்பட்டிருந்தது. டிக்கெட் விற்கிற வேகத்தைப் பார்த்து, மாதக்கணக்கில் முன்பே அதை மிகப் பெரிய மைதானத்துக்கு மாற்றினார்கள். அன்று வந்தவர்கள் 75,784 பேர். அந்த உலகக் கிண்ணம் முழுவதற்கும் 19 இலட்சத்து 78 ஆயிரத்துக்கு மேல் டிக்கெட் போனது. அளவைப் பார்த்து அடுப்பை மாற்றத் தெரிந்தவர்கள் செய்த வேலை அது.

நான்காவது கொடியடுப்பு. இப்போதுதான் கொழும்புக் கதைக்கு வருகிறேன். மண் அடுப்பின் பக்கவாட்டில் இன்னொரு துளை இருக்கும். பெரிய அடுப்பில் சோறு வேகும்போது, அந்த நெருப்பின் மிச்சச் சூடு இந்தத் துளை வழியாக வரும். அதில் இரசத்தையோ சுடுதண்ணியையோ வைப்போம். தனி விறகு வேண்டாம். ஆனால் ஒரு குறை: பெரிய அடுப்பு அணைந்தால் கொடியடுப்பும் அணையும். அதில் வைத்த பாத்திரம் சுடும், தளதளவென்று கொதிப்பது அபூர்வம்.

பெண்கள் ஆட்டத்தை ஆண்கள் ஆட்டத்துக்கு முன்னால், அதே நாளில், அதே மைதானத்தில் வைப்பது கொடியடுப்பு முறை. 2012 ஒக்டோபர் 7ஆம் திகதி கொழும்பு பிரேமதாச மைதானத்தில் பெண்கள் உலக இருபதுக்கு 20 இறுதி ஆட்டம் நடந்தது. அவுஸ்திரேலியா இங்கிலாந்தை 4 ஓட்டங்களால் வென்றது. மூச்சு விட முடியாத முடிவு. ஆனால் அன்று இரவு அதே இடத்தில் இலங்கையும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆண்கள் இறுதி ஆட்டத்தில் மோத இருந்தன. இன்று அந்த நாளைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் சொல்வது இரவு ஆட்டத்தைத்தான். பகலில் ஒரு உலகக் கிண்ணம் கைமாறியது பலருக்கு நினைவே இல்லை.

கொடியடுப்பு வீண் என்று சொல்லவில்லை. அவுஸ்திரேலியாவின் பெண்கள் பிக் பாஷ் லீக் 2015 டிசம்பரில் தொடங்கியபோது பல ஆட்டங்கள் ஆண்கள் ஆட்டத்தோடு ஒட்டித்தான் நடந்தன. சும்மா நேரத்தோடு வந்து உட்கார்ந்தவர்கள் பெண்கள் ஆடுவதைப் பார்த்தார்கள், சிலருக்குப் பிடித்துப்போனது. ஆனால் அங்கே அவர்கள் அதோடு நின்றுவிடவில்லை. 2019இல் பெண்கள் லீக்கைப் பிரித்து எடுத்து, ஆண்கள் லீக் தொடங்குவதற்கு முன்னான மாதங்களில் தனியாக நடத்தினார்கள். பெண்கள் இருபதுக்கு 20 உலகக் கிண்ணமும் 2018 முதல் ஆண்களிடமிருந்து பிரிந்து தனியாக நடக்கிறது. தனி அடுப்பு போட்டால்தான் அந்த வீட்டில் எவ்வளவு விறகு தேவை, எத்தனை பேருக்குச் சோறு என்ற கணக்கே தெரிய வரும். அதுவரை வந்த கூட்டம் யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து ஊதாங்குழல், அதாவது தொலைக்காட்சி. இதை நீட்ட வேண்டியதில்லை. ஊதினால் எரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எங்கே ஊதுகிறோம் என்பது முக்கியம். கங்கு இருக்கிற இடத்தில் ஊதினால் நெருப்பு வரும், சாம்பலில் ஊதினால் கண்ணில் விழும். காசு கட்டிப் பார்க்கும் சேனலில் மூலையில் போட்டால் ஏற்கெனவே பிடித்தவர்கள் மட்டும் பார்ப்பார்கள். எல்லா வீட்டிலும் சும்மா வருகிற சேனலில், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போட்டால், எதற்கென்று தெரியாமல் உட்கார்ந்த அப்பாவும் பாட்டியும் பார்ப்பார்கள். 2023 ஓகஸ்ட் 16ஆம் திகதி அவுஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் மோதிய பெண்கள் உதைபந்தாட்ட உலகக் கிண்ண அரையிறுதி அப்படித்தான் ஒளிபரப்பானது. சராசரியாக 70 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகையே 2 கோடியே 60 இலட்சத்தை ஒட்டித்தான். அவுஸ்திரேலியா அன்று தோற்றது. ஆனால் அந்த அணியின் சாம் கேர் தூரத்திலிருந்து அடித்த அந்தக் கோலை நாலில் ஒருவர் அதே நொடியில் பார்த்திருக்கிறார்.

சரி, நெருப்பு கொழுந்துவிட்டு எரிகிறது. இப்போது வேண்டியது கட்டை. உலகக் கிண்ணம் என்பது காய்ந்த சருகைக் கூடையோடு கொட்டியது மாதிரி. ஒரு மாதம் ஊரையே வெளிச்சமாக்கும். அது முடிந்த அடுத்த சனிக்கிழமை அந்தக் குடும்பம் எங்கே போகும்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத நாடுகளில் நெருப்பு அங்கேயே அணைந்துவிடுகிறது. அவுஸ்திரேலியாவில் பதில் இருந்தது. உலகக் கிண்ணம் முடிந்து சில வாரங்களில் பெண்கள் உதைபந்தாட்ட லீக்கின் புதிய பருவம் தொடங்கியது. 2023-24 பருவத்தில் அந்த லீக்கைப் பார்க்க மைதானத்துக்கு வந்தவர்கள் 3 இலட்சத்துக்கும் மேல். அந்த நாட்டில் பெண்கள் விளையாட்டு லீக் ஒன்று ஒரு பருவத்தில் அதுவரை கண்ட ஆகக்கூடிய எண்ணிக்கை அதுதான் என்றார்கள்.

கட்டையின் வேலை வெளிச்சம் தருவது அல்ல, சூட்டை நிறுத்தி வைப்பது. ஒவ்வொரு வாரமும், அதே கிழமை, அதே நேரம், அதே ஊர் அணி. ஒரு பிள்ளை தன் ஊர் அணியின் ஏழாம் இலக்கக்காரியை வாராவாரம் பார்க்கிறாள்; ஆட்டம் முடிந்ததும் வேலியோரம் போய் அவளிடம் கையெழுத்து வாங்குகிறாள்; அடுத்த வாரம் அப்பாவை இழுத்துக்கொண்டு வருகிறாள். டிக்கெட்டை வாங்குவது அப்பா, வாங்க வைப்பது மகள்.

கட்டை வைப்பதிலும் கைப்பக்குவம் உண்டு. நெருப்பு இன்னும் இளசாக இருக்கும்போது நாலைந்து கட்டையை ஒரேயடியாகத் திணித்தால் அமுங்கிப்போகும். மேலே சொன்ன அந்த 2017 லீக் 8 அணிகளோடு தொடங்கி, 2022க்குள் 18 அணிகளாக வளர்ந்தது. இடையில் கொரோனாவும் வந்தது. ஆட்டங்கள் கூடின, ஆனால் ஒரு ஆட்டத்துக்கு வரும் கூட்டத்தின் சராசரி தொடக்க காலத்தைவிடக் குறைந்தது. உதைபந்தாட்ட லீக்கிலும் 2023-24இல் ஏறிய எண் அடுத்த பருவத்தில் இறங்கியது. இதைப் பார்த்து ‘பார்த்தீர்களா, அணைந்துவிட்டது’ என்பவர்களுக்கு அடுப்படிப் பழக்கம் இல்லை. தழல் தணிந்து கங்காக மாறுவது அணைந்துபோவது ஆகாது. 2009இல் இருந்த இடத்துக்கு யாரும் திரும்பிப் போய்விடவில்லை. 2025 தொடக்கத்தில் மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானத்தில் நடந்த பெண்கள் டெஸ்ட் ஆட்டத்துக்கு, உலகக் கிண்ணமும் இல்லை, 20 ஓவரும் இல்லை, ஆனாலும் மூன்று நாளில் 35,000 பேருக்கு மேல் வந்தார்கள்.

இனிப் பரண். அடுப்புக்கு நேர் மேலே பலகை அடித்து நாளைய விறகை அடுக்கி வைப்போம். இன்றைய நெருப்பின் சூட்டில் அது காயும். பச்சை விறகை அப்படியே அடுப்பில் வைத்தால் புகையும், கண் எரியும், எல்லோரும் எழுந்து வெளியே போய்விடுவார்கள். விளையாட்டில் விறகைக் காயவைப்பது சம்பளம். முழுநாள் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் பயிற்சிக்கு வருகிற ஆட்டக்காரிக்கும், காலையிலிருந்து பயிற்சியும் ஓய்வும் மருத்துவரும் உள்ளவளுக்கும் ஆட்டத்தில் வித்தியாசம் தெரியத்தானே செய்யும். கூட்டத்திலிருந்து வருகிற காசு ஆட்டக்காரிக்குப் போனால், அடுத்த வருட ஆட்டம் இன்னும் சுவையாகும். அதைப் பார்க்க இன்னும் கூட்டம் வரும். ஒரு சுற்று அது.

அந்தச் சுற்று தானாகச் சுழலவில்லை. 2015 செப்டம்பரில் அவுஸ்திரேலியப் பெண்கள் உதைபந்தாட்ட அணி, சம்பளத் தகராறில் அமெரிக்கப் பயணத்தையே புறக்கணித்தது. உலகக் கிண்ணத்தில் காலிறுதி வரை போய்விட்டு வந்த சில மாதங்களிலேயே அப்படி ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது அவர்களுக்கு. 2019இல்தான் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் வருமானத்தைச் சமமாகப் பகிரும் ஒப்பந்தம் வந்தது. தோட்டத்தில் சம்பளத்துக்காகப் பிரட்டுக் களத்தில் உட்கார்ந்து போராடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிரிக்கெட்டில் சர்வதேச சபை 2023இல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமான பரிசுத் தொகை என்று அறிவித்தது. 86,174 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் இந்தப் பகுதி கண்ணுக்குத் தெரியாது.

கடைசியாகப் புகைக்கூண்டு. எவ்வளவு நல்ல நெருப்பாக இருந்தாலும் புகை போக வழி இல்லையென்றால் அடுப்படியில் யாரும் இருக்க முடியாது. மைதானத்தில் புகை என்பது சின்னச் சின்ன இடைஞ்சல்கள். கழிவறை சுத்தமாக இல்லை. கைக்குழந்தையோடு உட்கார இடமில்லை. குடித்துவிட்டு வந்து கத்துபவர்களை யாரும் தடுப்பதில்லை. ஆட்டம் முடிந்தால் வீட்டுக்குப் போக பஸ் இல்லை. பெண்கள் ஆட்டத்துக்கு அம்மாக்களும் பெண் பிள்ளைகளும் நிறைய வருவார்கள், எனவே இந்தப் புகை அவர்களைத்தான் முதலில் விரட்டும். ஒரு தடவை விரட்டப்பட்டவர் திரும்ப வருவது கடினம்.

இப்போது நம் நாட்டு அடுப்பைப் பார்ப்போம். 2024 ஜூலை 28, தம்புள்ளை. பெண்கள் ஆசியக் கிண்ண இறுதி ஆட்டம், இலங்கையும் இந்தியாவும். தொடர் முழுக்க நுழைவு இலவசம். இந்தியா 20 ஓவரில் 165 ஓட்டங்கள். இலங்கைக்குச் சமரி அத்தபத்து 61, ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காமல் 69. எட்டு விக்கெட்டால் வெற்றி. கிண்ணம் முதல் தடவையாக இலங்கைப் பெண்களிடம் வந்தது. மைதானம் ஜனத்தால் நிறைந்து, பப்பரே வாத்தியம் அலறிக்கொண்டிருந்தது. 2012இல் பிரேமதாச மைதானத்தில் பகல் ஆட்டமாக இருந்தது, 12 வருடத்தில் தனி அடுப்பாகிவிட்டது. அந்த மைதானத்தில் அன்று இரவு வேறு ஆட்டம் எதற்கும் யாரும் காத்திருக்கவில்லை. வந்த ஜனம் அந்தப் பெண்களைப் பார்க்க வந்த ஜனம்.

அந்தக் கங்கைக் காத்தவர்களில் முதல் பெயர் சமரிதான். குருநாகல் பக்கத்துப் பெண். 2009இல் இலங்கைக்காக ஆடத் தொடங்கினார். 2017 உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 178. அன்று இலங்கை தோற்றது. 2023இல் அவுஸ்திரேலிய லீக் அணிகள் ஆட்டக்காரிகளைத் தெரிவு செய்தபோது அவரை யாரும் எடுக்கவில்லை. பிறகு சிட்னி தண்டர் அணி அழைத்தது. அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரி விருதை வாங்கிக்கொண்டு திரும்பினார். 2024 ஏப்ரலில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக 302 என்ற இலக்கைத் துரத்தி, ஆட்டமிழக்காமல் 195. தம்புள்ளைக்கு மூன்று மாதத்துக்கு முன் நடந்தது இது. ஜனம் சும்மா வரவில்லை.

ஆனால் தம்புள்ளை மிலாறும் சருகும்தான். கட்டை எங்கே? 2020இல் தொடங்கிய லங்கா பிரீமியர் லீக் ஆண்களுக்கானது. கண்டி, காலி, யாழ்ப்பாணம் என்று ஊர்ப் பெயர் சொல்லி வாராவாரம் மோதிக்கொள்ளும் லீக் பெண்களுக்கும் வந்தால்தான், தம்புள்ளையில் கத்திய பிள்ளைக்கு அடுத்த சனிக்கிழமை போக இடம் கிடைக்கும். 2025 உலகக் கிண்ணத்தின் சில ஆட்டங்கள் கொழும்புக்கு வந்தன. ஒக்டோபர் மழை அவற்றில் பலவற்றைக் கழுவிக்கொண்டு போனது. ஈர நாளில் அடுப்பு மூட்டப் போனவர்கள், பரணில் காய்ந்த விறகு வைத்திருக்க வேண்டும். அதாவது ஒரு தொடர் மழையில் போனாலும் அடுத்தது காத்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கம் எப்படி? நமுனுகுலவிலிருந்து தம்புள்ளைக்குப் போக அரை நாள் பயணம்; தோட்டத்துக் குடும்பம் அதற்குப் போகாது. ஆனால் பதுளையில் வின்சன்ட் டயஸ் மைதானம் இருக்கிறது. கன்னவரல்லை, தெமோதரை, பசறை என்று சுற்றியுள்ள தோட்டப் பள்ளிக்கூடங்களில் வலைப்பந்துக் கம்பம் நட்டிருக்கிறது. விளையாட்டுப் போட்டிக் காலத்தில் அந்தப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்தால் கங்கு எவ்வளவு சூடு என்று தெரியும். பதினாறு, பதினேழு வயதில் பரீட்சை முடிந்ததும் கொழும்புக்கு வேலைக்குப் போகிறார்கள், அல்லது கொழுந்துக் கூடையைத் தூக்குகிறார்கள். பந்தை விட்டுவிடுகிறார்கள். அந்தச் சாம்பலைக் கொட்டிவிடுகிறோம் என்பதில்தான் எனக்கு மிகுந்த வருத்தம்.

எனவே பதுளையில் யாராவது மாகாணப் பெண்கள் வலைப்பந்தாட்ட லீக் ஒன்றை நடத்த முன்வந்தால், மேலே சொன்ன வரிசையிலேயே செய்யலாம். பெரிய மைதானத்தை முதலில் தொட வேண்டாம். ஒரு பக்கம் மண்மேடு உள்ள பள்ளிக்கூடக் களம் போதும், முந்நூறு பேர் நின்றாலே நிறைந்துவிடும். அணிக்குத் தோட்டத்தின் பெயரையே வைக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்தோடு மோதல் என்றால் காமன் கூத்துப் பொட்டலில் கூடுவதுபோல் சனம் கூடும். முதல் ஆட்டம் இலவசம், பிறகு இருபது ரூபாய். கழிவறைக்குத் தண்ணீர், ஒரு கூடாரத்தில் தேத்தண்ணி.

நேரம்தான் கடினமான இடம். சனிக்கிழமை தோட்டத்தில் வேலை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை பீலியடியில் துணி, பிறகு விறகு, பிறகு டவுனில் சாமான் வாங்குவது. இரவில் ஆட்டம் வைக்கவே முடியாது, பனியில் பாதை தெரியாது. மிச்சம் ஞாயிறு பின்னேரம் இரண்டு மணியிலிருந்து நாலரை வரை. அதற்குள் இரண்டு ஆட்டம் முடித்தால், ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்து எல்லோரும் இருட்டுமுன் லயத்துக்கு வந்துவிடலாம். முதல் ஞாயிறு ஐம்பது பேர்தான் வந்தார்கள் என்றாலும், அடுத்த ஞாயிறு அதே இரண்டு மணிக்கு விசில் ஊத வேண்டும். மழை என்றால் எந்தக் கட்டிடத்துக்குள் ஆடுவது என்பதையும் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும்.